நிழலில் நின்ற வண்டி

இன்று காலை குமணன்சாவடியில், உன் வண்டியின் கூரைமேல் ஏறி நின்றுகொண்டு, சோலார் கடை பாய் சிலிக்கான் பசைக் குழாயின் மூக்கை வெட்டினார். காடி புளித்த மாதிரி ஒரு வாடை கீழே இறங்கியது. அவ்வளவுதான், நீ வந்துவிட்டாய். போன வருஷம், முதல் சோலார் பேனலை மாட்டிய அன்றைக்கு இதே வாடைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு, "இன்னாடி இது, ஊறுகா ஜாடிக்குள்ள குந்திகினு கீற மாறி கீது" என்று சொன்னாய். அன்று விழுந்து விழுந்து சிரித்தேன். இன்று அதே வாடைக்கு உன் குரலைத் தேடித் திரும்பிப் பார்த்தேன்.

பாய் கையில் துளை போடும் மிஷினோடு மேலேயிருந்து கேட்டார். "மேடம், முடிவா சொல்லிருங்க. கூரையில இன்னொரு பேனல் போடவா, வேணாமா? தகரத்துல ஓட்ட போட்டா போட்டதுதான். அப்புறம் மாத்திக் குடுங்கன்னா மழத்தண்ணி உள்ள எறங்கும்."

கேள்வி ஒன்றுதான். இதில் தப்பு நடந்தால் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. என் வீட்டுக்காரருக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும். மூக்கில் மாட்டிக்கொள்ளும் அந்த மிஷின் ராத்திரி முழுக்கக் காற்றைத் தள்ளிக்கொண்டே இருந்தால்தான் அவர் தூங்கலாம். இதயமும் பலவீனம். ஒரு ராத்திரிகூட அது இல்லாமல் தூங்க வேண்டாம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்டவரை ஒரு பழைய பள்ளிக்கூட வேனுக்குள், கரண்டே இல்லாத ஒரு கடற்கரையில், கூரைமேல் இருக்கும் கண்ணாடித் தட்டையும் சீட்டுக்கடியில் இருக்கும் பேட்டரியையும் நம்பிப் படுக்க வைக்கப் போகிறேன்.

நீ இருந்திருந்தால் பாய்க்கு நீ பதில் சொல்லியிருப்பாய். யோசிக்காமல் சொல்லியிருப்பாய். பாதி நேரம் தப்பாகவும் சொல்லியிருப்பாய். ஆனாலும் யாரோ ஒருத்தி சொல்லியிருப்பாள், நான் பின்னால் நின்று முணுமுணுத்துக்கொண்டு இருந்திருப்பேன்.

என் பயம் உனக்குத் தெரியாததா? அம்பத்தூர் எஸ்டேட்டில் வார்ப்பு சாமான்களில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்துத் தள்ளுவது என் வேலை. நாள் பூராவும் விரிசலைத் தேடுகிறவளுக்கு வீட்டுக்கு வந்தாலும் கண் அங்கேயேதான் போகும். கேஸ் மூடினேனா, பூட்டை இழுத்துப் பார்த்தேனா, அவர் மிஷினின் பிளக் தளர்ந்திருக்கிறதா என்று சுற்றிச் சுற்றி வருவேன். "உன்ன கட்டிகினு அண்ணாத்தே ஒரு வாட்ச்மேன் சம்பளத்த மிச்சம் புடிச்சுட்டாரு" என்பாய்.

கும்பகோணத்துக் கல்யாணக் கதையை நான் உன்னிடம் அழுதுகொண்டு சொன்ன அன்றுதான் இந்த வண்டிப் பேச்சே ஆரம்பமானது. லாட்ஜில் படுத்திருந்தோம், கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டர் லைட்டுக்கும் ஃபேனுக்கும் மட்டும்தான், பிளக்குக்கு வராது என்று கீழே இருந்த ஆள் சொல்லிவிட்டார். அவரைத் தூங்க விடாமல் எதை எதையோ பேசிப் பேசியே விடிய வைத்தேன். அதிலிருந்து எந்த ஊருக்குக் கூப்பிட்டாலும் மனிதர் கேட்கும் முதல் கேள்வி, "சாயங்காலம் திரும்பிடலாமா?" என்பதுதான். தொழிற்சாலையில் ரிடையரானதும் கோடியக்கரைக்குப் போய்ப் பூநாரைகளைப் பார்க்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். கல்யாணமானதிலிருந்து அவர் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான். அதையும் அவரே மெல்ல மெல்லக் கேட்காமல் விட்டுவிட்டார்.

நீ எங்கள் கீழ்வீடு. ஆவடியிலிருந்து வேப்பம்பட்டு வரைக்கும் பள்ளிக்கூட வேன் ஓட்டி, பிள்ளைகளை ஏற்றி இறக்கி இடுப்பொடிந்தவள். வண்டிக்கு வயசாகிவிட்டது, இனிமேல் பிள்ளைகளை ஏற்றக் கூடாது என்று பள்ளிக்கூடத்தில் சொன்ன பிறகு அது சும்மா நின்றது. நான் அழுது முடிக்கும்வரைகூட நீ காத்திருக்கவில்லை.

"இன்னாத்துக்கு இப்ப கண்ண கசக்கற? லாட்ஜுல கரண்ட் இல்லன்னா லாட்ஜுக்கே போவாத. என் வண்டி சும்மாதான கீது? சீட்ட பிரிச்சுட்டு கட்டில் போடு. மேல சோலார் வை. அண்ணாத்தே ராஜா கணக்கா தூங்கட்டும்."

"மேகம் போட்டா?"

"போட்டா போடட்டும்."

"பேட்டரி தீப்பிடிச்சா?"

"எறங்கி ஓடு."

"போற வேகத்துல பேனல் பிச்சுக்கிட்டுப் பறந்தா?"

"பின்னாடி வர்றவனுக்கு ஓசி கரண்ட்டு. நல்லா இருக்கட்டும் வுடு."

இப்படிப் பேசுகிறவளோடு சேர்ந்து ஒரு உயிர் சம்பந்தப்பட்ட காரியத்தில் இறங்கினேன் பார், என்னைச் சொல்ல வேண்டும். ஆனால் பள்ளிக்கூட வண்டி என்கிற பதிவை மாற்றிச் சொந்த வண்டியாக்கும் அலைச்சலை எல்லாம் நீயே அலைந்து முடித்தாய். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னை ஸ்டியரிங் முன்னால் உட்கார வைத்து, பூந்தமல்லி ரோடு வரைக்கும் ஓட்டவும் வைத்தாய். எனக்கு வண்டி ஓட்ட வரும் என்பதை நீதான் நம்பினாய். நான் நம்பவில்லை.

கடை கடையாக ஏறி இறங்கினோமே, ஞாபகம் இருக்கிறதா? அட்டை மாதிரி வளைகிற பேனலைப் பார்த்ததும் உனக்கு மனசு அதிலேயே போய்விட்டது. கனமில்லை, ஓட்டை போட வேண்டாம், பசை தடவி ஒட்டினால் முடிந்தது என்று குதித்தாய். தகரத்தோடு ஒட்டிவிட்டால் அடியில் காற்றுப் போக வழியில்லை, நம் ஊர் சித்திரை வெயிலில் இரண்டு பக்கமும் வெந்து சீக்கிரம் போய்விடும் என்று நான் சொன்னேன். கண்ணாடிப் பேனல்தான் வேண்டும், அதுவும் கூரைக்கு மேலே நாலு விரல் தூக்கி, அடியில் காற்றோடுகிற மாதிரி வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன். நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாய். வீட்டுக்கு வந்து தோசை ஊற்றும்போதுதான், கல்லைப் பார்த்துக்கொண்டே, "சரி, உன் இஷ்டம். தோச கல்லு மேல அத்த ஒட்ட வேணாம்" என்றாய்.

இன்வெர்ட்டர் சண்டை அதைவிடப் பெரிது. உனக்கு வண்டியில் மிக்சி ஓட வேண்டும். "சட்னி இல்லாம நா எப்டி இட்லி துன்றது?" என்று கேட்டாய். வீட்டு சாமான்களை ஓட்டும் இன்வெர்ட்டரை வைத்தால், நாம் ஒன்றும் போடாமல் இருக்கும்போதும் அது தன் பாட்டுக்கு ராத்திரி முழுக்க பேட்டரியைக் குடித்துக்கொண்டே இருக்கும். மிஷினுக்கு பேட்டரியிலிருந்து நேராக ஒயர் இழுக்கலாம், அதற்கென்றே பொருத்தி வருகிறது, அது போதும் என்றேன். மறுநாள் முழுக்க நீ என்னோடு பேசவில்லை. சட்னியை வீட்டிலேயே அரைத்து எடுத்துப் போவது என்று என் வீட்டுக்காரர்தான் நடுவில் புகுந்து சமாதானம் செய்து வைத்தார்.

இத்தனைக்கும் பிறகு கூரையில் ஒரு பேனலை மாட்டி, பேட்டரியை வைத்து, அவருடைய பழைய மிஷினை அதில் ஓடவிட்டுச் சோதித்துப் பார்த்தோம். நான் வேலைக்குப் போய்விடுவேன், பேட்டரியில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று நீ தினம் மத்தியானம் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. நீ சொன்னாய். ஒவ்வொரு நாளும், முன்தினத்தைவிடக் குறைவாகச் சொன்னாய். வெளியே மண்டை பிளக்கிற வெயில், ஆனால் பேட்டரி மட்டும் இறங்கிக்கொண்டே போகிறது. இந்த வெயிலிலேயே ஏறவில்லை என்றால் மார்கழி தையில் என்ன ஏறும்? இரும்புத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு விரிசலைப் பார்க்காமல் அவர் மூச்சையே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நீ என்ன செய்தாய்? நேராகக் குமணன்சாவடிக்குப் போய், கடை வாசலில் நின்று, "இன்னா பாய், டபாய்க்கிறியா? செத்த பேனல என் தலையில கட்டிட்டியா?" என்று ஊரைக் கூட்டினாய். பாவம் அந்த மனுஷன், கடையை மூடிவிட்டு உன்னோடு கிளம்பி வந்தார். அன்று சனிக்கிழமை, நானும் இருந்தேன். வண்டி வழக்கம்போல நம் வீட்டுக்கு எதிரே, குவார்ட்டர்ஸ் மதில் ஓரம், அந்தப் பெரிய தூங்குமூஞ்சி மரத்தடியில் நின்றது. பாய் கூரையைப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார். மறுபடியும் கூரையைப் பார்த்தார். மேலே காக்காய் எச்சம் வேறு.

"யக்கா, வெயில் எங்க?" என்றார்.

உனக்குக் கேள்வியே புரியவில்லை. "வெயில்லயா? வண்டிய எவனாச்சும் வெயில்ல நிறுத்துவானா? இத்தினி வருஷத்துல ஒரு நாள் நிறுத்துனதில்ல பாய். மத்தியானம் எல்கேஜி பசங்க வந்து குந்தும். ரெக்சின் சீட்டு காஞ்சு கெடந்தா பிஞ்சுத் தொடைங்க செவந்துடாது?"

சொல்லி முடித்த பிறகுதான் உனக்கே உறைத்தது. கூரைமேல் பேனலைப் பார்த்தாய். வாயைப் பொத்திக்கொண்டாய். பாய் மதில்மேல் உட்கார்ந்துவிட்டார். நான் சிரித்த சிரிப்பில் மாடியிலிருந்து அவர் இறங்கி வந்து என்ன என்று கேட்டார், யாராலும் சொல்ல முடியவில்லை.

ஆனால் அதோடு தீரவில்லை. தெரிந்த பிறகும் மறுநாள் காலை வண்டி அதே மரத்தடியில் நின்றது. கேட்டால், "கை தானா அங்கதான் திருப்புதுடி, நா இன்னா பண்றது?" என்றாய். நானும் ஓட்டிப் பார்த்தேன். சொன்னால் நம்பமாட்டாய், நானும் நிழலைத் தேடித்தான் நிறுத்தினேன். மெட்ராஸ் வெயிலில் வாழ்கிறவர்களின் கையை மாற்ற முடியாது என்று அப்போதுதான் முடிவு செய்தோம். நீளமான ஒயரோடு ஒரு தனிப் பேனலை வாங்கி வைப்பது, வண்டி மரத்தடியில் நிற்கட்டும், அந்தப் பேனலை மட்டும் வெயிலில் சாய்த்து வைப்பது என்று பேசினோம். கூரையில் இன்னொன்று போடுவதா வேண்டாமா என்பதை மட்டும் தீபாவளி கழித்துப் பார்க்கலாம் என்று தள்ளி வைத்தாய்.

தீபாவளிக்கு முன்னால், மழை தொடங்கிய வாரத்தில், பால் வாங்கப் போன இடத்தில் கொஞ்சம் உட்கார்ந்துக்கிறேன் என்று சொல்லி உட்கார்ந்தாய். எழுந்திருக்கவில்லை. எனக்குத் தகவல் வந்தபோது கையில் கையுறைகூடக் கழற்றாமல் ஓடி வந்தேன். அதற்கு மேல் இதைப் பற்றி எழுத என்னால் ஆகாது.

காரியம் முடிந்து உன் மகள் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தாள். "எங்க ஊட்ல யாருக்கும் ஓட்டத் தெரியாது ஆன்ட்டி. அம்மா இது உங்க வண்டின்னு சொல்லிகினே இருந்துச்சு" என்றாள். மழை முழுவதும் வண்டி சும்மா நின்றது. அவ்வப்போது போய் எஞ்சினைப் போட்டு, கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, அணைத்துவிட்டு வருவேன். உனக்கு எதிரே உட்கார்ந்து பயப்படுவது எவ்வளவு சௌகரியமாக இருந்தது என்று அங்கேதான் எனக்குத் தெரிந்தது. நான் ஒன்று சொன்னால் நீ ஒன்று சொல்லித் திட்டுவாய், பாதி பயம் சண்டையிலேயே செலவாகிவிடும். இப்போது சொல்ல ஆளில்லாமல் அத்தனையும் என்னிடமே இருக்கிறது.

"விட்டுடும்மா. பூநாரைய டிவியில பாத்துக்கலாம்" என்றார் அவர். கோபத்தில் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். எனக்கு ஆறுதலாகச் சொன்னார். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. பொங்கல் முடிந்ததும் பாய்க்குப் போன் பண்ணினேன். இன்னும் கொஞ்ச நாள் போனால் பறவைகள் கிளம்பிவிடும் என்று என் வீட்டுக்காரர் சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரியும்.

அதனால்தான் இன்று காலை அவரைப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்து, நானே வண்டியை ஓட்டிக்கொண்டு குமணன்சாவடிக்குப் போனேன். வழியில் இரண்டு இடத்தில் எஞ்சின் நின்றது. ஒரு பஸ்காரர் ஜன்னலுக்கு வெளியே தலையை விட்டு என்னவோ சொன்னார், நல்லவேளை காதில் விழவில்லை.

நான் பதில் சொல்லாமல் நிற்பதைப் பார்த்துப் பாய் துளை மிஷினைக் கீழே வைத்தார். எனக்கு எளிதாகட்டும் என்று நினைத்துத்தான் அதைச் சொன்னார். "மேடம், போன தடவ மூணு பேரு படுக்குறதா கணக்கு போட்டோம். சாருக்கு மிஷினு, ஆளுக்கொரு ஃபேனு. இப்ப ரெண்டு பேர்தானே? அந்த மூணாவது ஃபேன கழிச்சுட்டா மேல இருக்குற ஒண்ணு, கீழ சாய்க்குற ஒண்ணு, அதுவே போதும். பேட்டரியும் பேசுன மாதிரி பெருசா மாத்த வேணாம். எதுக்கு வீணா?"

உள்ளே உட்கார்ந்திருந்த அவரும், "பாய் சொல்றது சரிதானேம்மா" என்றார்.

சரிதான். கணக்குப்படி சரிதான். அந்த மூன்றாவது ஃபேன் உன்னுடையது. முகத்துக்கு நேரே காற்று அடிக்காவிட்டால் உனக்குக் கண் மூடாது. கடைக்காரர் முன்னாலேயே என்னைப் பார்த்து, "என் ஃபேன்ல பங்கு கேட்டீன்னா நா வண்டியவே எடுக்க மாட்டேன்" என்று மிரட்டினாய். இப்போது அதைக் கழித்துவிடுங்கள் என்று ஒரு வார்த்தை நான் சொல்ல வேண்டும். உன் பேரை ரேஷன் கார்டிலிருந்து எடுத்தாயிற்று என்று உன் மகள் சொன்னபோதுகூட எனக்கு இப்படி ஆகவில்லை.

பிறகு, எப்போதும் போல, எனக்குள் இருக்கிற பயந்தாங்கொள்ளிதான் வாயைத் திறந்தாள். "பாய், அந்த ஃபேன் ராத்திரி பூரா ஓடினா எவ்ளோ இழுக்கும்?" என்று கேட்டேன்.

அவர் மேலே பார்த்து உதட்டுக்குள்ளேயே கணக்குப் போட்டார். "சாரோட மிஷினு ராத்திரிக்கு எவ்ளோ இழுக்குமோ, ஏறக்கொறைய அவ்ளோதான்."

"அப்ப கழிக்காதீங்க. மேல ரெண்டாவது பேனலப் போடுங்க. பேட்டரியும் பெருசே இருக்கட்டும்."

"ஃபேனும் மாட்டிரவா?"

"ஃபேன் வேணாம் பாய். கணக்கு மட்டும் அப்படியே இருக்கட்டும்."

உன்னிடம் அத்தனை திட்டு வாங்கியவர். வேறொன்றும் கேட்காமல் மிஷினை எடுத்துத் துளை போட ஆரம்பித்தார். ஒவ்வொரு துளைக்கும் என் பல் கூசியது. மழைத்தண்ணீர் இறங்குமோ என்று இப்போதே ஒரு பயம் புதிதாக வந்து உட்கார்ந்திருக்கிறது.

வெள்ளிக்கிழமை கிளம்புகிறோம். அவர் இன்றைக்கே பைனாகுலரைத் துடைத்து வைத்துவிட்டார். நான் மிஷினின் ஒயரை எத்தனை முறை இழுத்துப் பார்த்தேன் என்று கேட்காதே. கடலோரம் என்றால் எந்த நேரமும் மேகம் போடலாம். ஒரு பகல் முழுக்க வெயிலே வராமல் போகலாம். அப்படி ஒரு நாள் வந்தால், எங்கள் இரண்டு பேரின் பங்கும் தீர்ந்த பிறகும் பேட்டரியில் உன் பங்கு மிச்சம் இருக்கும். அன்றைக்கு ராத்திரி அவர் அதில்தான் மூச்சு விடுவார்.